ஏலகிரி இறங்கும் ஸ்விஃப்டுக்கு எந்தப் பின்பக்க ஸ்டெபிலைசர் பார்?

குடியாத்தத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு ஏலகிரி போய்வருகிறார். இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்கிறது, முன்பக்கம் வெளியே ஓடப் பார்க்கிறது, பின் இருக்கையில் அம்மாவுக்குக் குமட்டுகிறது. நண்பர் தன் பழைய ஹோண்டா சிவிக்கின் பின்புறம் 22 மி.மீ. ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டதிலிருந்து வண்டி சாய்வதே இல்லை என்கிறாராம். இப்போது தம்பியின் முன் மூன்று பொருட்கள் இருக்கின்றன: மலேசியாவில் செய்த குழாய் வகை பார், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு மூன்று துளைகள் உள்ள கெட்டிக் கம்பி பார், ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் செய்துதருவதாகச் சொல்லும் பார். எதை வாங்கலாம்?

தம்பி, முதலில் நண்பரின் அந்த 22ஐ மறந்துவிடுங்கள். அந்த எண் உங்கள் வண்டிக்கு எதையும் சொல்லாது. 2006இல் இங்கே வந்த சிவிக்கில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். அவற்றை இணைக்கத் தனியாக ஒரு ஸ்டெபிலைசர் பார் தேவைப்படுகிறது. உங்கள் ஸ்விஃப்டில் பின்புறம் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குப் பீம். பழையதைக் கழற்றிவிட்டுத் தடிமனானதை மாட்டலாம் என்று பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தால் கழற்றுவதற்கு ஒன்றுமே இருக்காது. நம் வேலூரைத் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள் அல்லவா, அந்த வரிசையில் இந்தக் காரையும் சேர்க்கலாம். (ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாறுதான் இன்னும் வரவில்லை.)

ஆனால் பார் கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, அதன் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குப் பீமே முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. 1974இல் வந்த வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் இந்த அமைப்பைப் பரவலாக்கியது. இடம் குறைவு, உதிரிப் பாகம் குறைவு, விலை குறைவு என்பதால் உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அதைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பீமைக் கீழிருந்து பார்த்தால் முழுக் குழாயாக இருக்காது. கவிழ்த்த ஓடு போல ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பு காசை மிச்சப்படுத்த விட்டதென்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வண்டியின் குணமே அந்தத் திறப்பில்தான் இருக்கிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழம் பி.வி.சி. குழாயை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. அதே குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் ரம்பத்தால் பிளந்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், துணி பிழிவது போல வளைந்து கொடுக்கும். பொருள் அதேதான், கனமும் ஏறக்குறைய அதேதான். மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் முறுக்குவலிமையில் பல பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்குக்கு மேல்கூட வித்தியாசம் வரும். பீமைச் செய்தவர்கள் அந்தத் திறப்பையும் தகட்டின் தடிமனையும் வைத்துத்தான் பின்புறத்தின் இறுக்கத்தை அளந்து வைத்திருக்கிறார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கார் வந்தது. வேறொரு பட்டறையில் ‘ஸ்டெபிலைசர் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லி, பீமின் திறந்த பக்கத்தில் நீளமாக ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்து மூடியிருந்தார்கள். வேலை சுத்தம். வெல்டிங் கோடு ரூல் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் பின்புறம் கிட்டத்தட்ட மாட்டு வண்டி அச்சாகிவிட்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றச் சக்கரமும் கூடவே குதித்தது. லேசான தூறலில் வள்ளல் ஒருவரின் பெயர் தாங்கிய ஏலகிரி வளைவொன்றில் வண்டி முக்கால் வட்டம் சுற்றி, கைப்பிடிச் சுவரைப் பார்த்து நின்றதாம். உரிமையாளர் டயரைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். நான் கீழே படுத்துப் பார்த்துவிட்டு அவரையும் படுக்கச் சொன்னேன். புதுப் பீம் வாங்கி மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வெல்டிங் சூடு பட்ட தகட்டை அறுத்தெடுத்தாலும் அதன் ஓரத்தில் விரிசல் எப்போது பிறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் மூன்றாவது பொருளைப் பற்றிய என் கேள்வி ஒன்றே ஒன்று: பீமில் வெல்டிங் செய்வார்களா, புதிதாகத் துளை போடுவார்களா? இரண்டில் எதற்கு ‘ஆம்’ என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். ராணிப்பேட்டையில் லேத் வேலைக்குக் குறைவில்லை, கைத்திறனும் உண்டு. கை நன்றாக இருப்பது வேறு, பாரின் கணக்கு வேறு.

இந்தக் கம்பி என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். தெருமுனையில் சாமி பல்லக்கு திரும்பும்போது கவனித்திருப்பீர்கள். பல்லக்கு வெளிப்பக்கமாகச் சாயும், அந்தப் பக்கத்துத் தோள்களில் பாரம் ஏறும். பின்னால் தூக்குபவர்கள் தோளைத் தாழ்த்தாமல் விறைப்பாக நின்றால் சாய்வு குறைகிறது. ஆனால் சாய்வைத் தடுக்கும் பாரத்தில் பெரும்பங்கு பின்னால் வெளிப்பக்கம் நிற்பவரின் தோளுக்குப் போய்விடுகிறது. முன்னால் நிற்பவர்களுக்கு அந்த அளவுக்கு ஆசுவாசம். பின்பக்க ஸ்டெபிலைசர் பார் செய்வது இதைத்தான். டயருக்கு ஒரு சுபாவம் உண்டு: சுமை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடுகிறது. எனவே பின் சக்கரங்களுக்குள் பாரம் ஒரே பக்கமாகக் குவிந்தால் பின்புறத்தின் மொத்தப் பிடிமானம் குறையும். முன்புறத்தில் பாரம் சமமாகப் பரவுவதால் அங்கே பிடிமானம் கூடும். முன் சக்கர இழுவையுள்ள டீசல் வண்டியில் கனமான எஞ்சின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் வெளியே ஓடுவது அதனால்தான். பின்பக்க பார் அதைக் குறைக்கிறது.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பார் போட்டால் பிடிமானம் கூடும் என்று நினைக்கிறார்கள். கூடுவதில்லை. பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொடுக்கிறது, அவ்வளவுதான். காய்ந்த சாலையில் அந்தக் கொடுக்கல் வாங்கல் இனிக்கும். ஐப்பசி மழையில் அதே கணக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் தீர்க்கப்படும்.

இனி தடிமன். ஒரு கெட்டிக் கம்பியின் முறுக்குவலிமை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் கூடியது மூன்றே மில்லிமீட்டர், வலிமையோ ஏறத்தாழ 1.8 மடங்கு. 22இலிருந்து 24க்குப் போனால் இன்னும் நாற்பது சதவீதம் கூடும். கடைக்காரர் ‘ஒரு சைஸ்தானே சார்’ என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். குழாய் வகை பாருக்கு வெளி விட்டத்தை மட்டும் பார்க்கக் கூடாது, சுவரின் தடிமனும் வேண்டும். 25.4 மி.மீ. வெளி விட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள குழாய் 24 மி.மீ. கெட்டிக் கம்பிக்கு ஏறக்குறைய சமம், எடையோ அதில் அறுபது சதவீதம்தான். முறுக்கும்போது நடுவில் இருக்கும் இரும்பு பெரிதாக உழைப்பதில்லை என்பதே இதன் ரகசியம். ஆகையால் ‘குழாய்தானே, லேசாக இருக்கும்’ என்று முகம் சுளிக்க வேண்டாம். பெட்டியில் சுவரின் தடிமனை அச்சிடாமல் விட்டிருந்தால் மட்டும் சுளிக்கலாம்.

விட்டத்தைப் போலவே முக்கியமானது கையின் நீளம். பாரின் முறுக்கும் பகுதியிலிருந்து அது சக்கரத்தின் பக்கம் பிடிக்கும் இடம் வரையுள்ள தூரத்தைத்தான் கை என்கிறேன். அது குறையக் குறைய இறுக்கம் வர்க்கத்தில் ஏறும். 250 மி.மீ. கையை 225 ஆக்கினால் கிட்டத்தட்ட 23 சதவீதம் கூடும். சரிசெய்யும் துளைகள் உள்ள பாரில் ஒரு துளை மாற்றினால் நடப்பது இதுதான். இரண்டு கம்பெனிகளின் 22 மி.மீ. பார்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததற்கும் காரணம் இதுவே. கை நீளம் தெரியாமல் விட்டத்தை மட்டும் ஒப்பிடுவது, வீட்டின் பரப்பைக் கேட்காமல் வாடகையை ஒப்பிடுவது போலத்தான்.

இரும்பின் தரத்தைப் பற்றி விளம்பரங்களில் நிறைய எழுதுகிறார்கள். ஸ்பிரிங் எஃகு ஆனாலும் சாதா இரும்பு ஆனாலும் முறுக்குக்குக் காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒரே அளவில் செய்தால் முதல் நாள் இரண்டும் ஒரே மாதிரி ஓடும். வித்தியாசம் பின்னால் தெரியும். பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு லட்சம் முறை முறுக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். சாதாக் கம்பி ஒரு பெரிய பள்ளத்தில் நிரந்தரமாக வளைந்து நிற்கும், அல்லது வளைவின் உள் ஓரத்தில் விரிசல் விடும். பட்டறை பாரை மாட்டிய ஒருவர் ‘கம்பெனி பார் மாதிரியே இருக்கிறது’ என்று முதல் வாரத்தில் சொல்வது பொய்யல்ல. அவரிடம் ஒரு வருடம் கழித்துக் கேட்க வேண்டும்.

இந்த உலகத்தில் தெரிந்த பெயர்கள் என்றால் ஆஸ்திரேலியாவின் வைட்லைன், ஜெர்மனியின் ஐபாக், அதே நாட்டின் எச் அண்டு ஆர், மலேசியாவின் அல்ட்ரா ரேசிங். எந்தப் பெயராக இருந்தாலும் ‘ஸ்விஃப்டுக்கு’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டு ஸ்விஃப்டும் நம் ஊர் ஸ்விஃப்டும் ஒரே முகத்தோடு இருந்தாலும் அடியில் பீமின் துளைகள், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, கைப்பிரேக் வயர் போகும் பாதை வேறாக இருக்கலாம். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பீமைப் படம் எடுத்து, அளவுகளோடு விற்பவருக்கு அனுப்பி, பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடல் தாண்டி வந்த நாலைந்து கிலோ இரும்பைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையதுதான்.

பொருந்துமானால் நான் எடுப்பது குழாய் வகையைத்தான். அதுவும் ஏற்கெனவே உள்ள துளைகளிலோ, பீமிலிருந்து சக்கரங்களைத் தாங்கி நிற்கும் இரு கைகளையும் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளிலோ போல்ட்டால் மட்டும் நிற்பதாக இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம் என்பது பெரிய வசதி. இறுக்கம் மாற்றும் கெட்டிக் கம்பி பார், சாலையையும் பருவத்தையும் பார்த்துத் துளை மாற்றிக்கொண்டே இருக்கும் பொறுமைசாலிக்கு ஏற்றது. நேர்மையாகச் சொல்லுங்கள், ஒவ்வொரு மழைக்கும் முன் நீங்கள் வண்டிக்கு அடியில் படுப்பீர்களா? அதை வாங்கினால் மிகவும் மென்மையான துளையில் போட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

மாட்டும்போது பார் முறுக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியின் எடை முழுதும் அவற்றின் மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி வைத்து அவசரமாக முடித்துவிட்டால், நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கம் இழுபட்டு நிற்கலாம். பாரைச் சுற்றிப் பிடிக்கும் மெத்தை வளையமான புஷ் பாலியூரித்தேனில் இருந்தால் அதோடு வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். நம் சித்திரை வெயிலிலும் செம்மண் தூசியிலும் அது காய்ந்துபோனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கதவுக் கீல் போலக் கத்தும். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபாருங்கள். இந்த வகை பாரின் கோளாறுகளில் பாதி, தளர்ந்த போல்ட்டிலிருந்து தொடங்குபவை.

ஆனால் தம்பி, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பத்து வருடம் தாண்டிய வண்டி உங்களுடையது. முன்புறம் ஸ்டெபிலைசர் பார் ஏற்கெனவே இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் லிங்க் என்ற சிறு தண்டுகள் உண்டு. காட்பாடி மேம்பாலத்தின் இணைப்புகளில் மெதுவாகப் போகும்போது முன்னாலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் லிங்கின் பந்து மூட்டு தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். தேய்ந்த லிங்கோடு ஓடும் வண்டியில் முன் பார் தாமதமாக வேலை செய்யும், சாய்வு முதலில் அப்படியே விழும். புஷ், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றையும் பாருங்கள். இவற்றை மாற்றியதும் ‘பார் இனி வேண்டாம்’ என்று போனவர்களே என்னிடம் அதிகம். அவர்களால் எனக்கு வியாபாரம் குறைவு, நிம்மதி அதிகம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் எந்த பாரும் அதைக் காப்பாற்றாது.

செலவில்லாத சோதனையும் ஒன்று உண்டு. காய்ந்த நாளில், டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவைவிடப் பின் டயர்களில் மட்டும் 3 பி.எஸ்.ஐ. காற்றைக் கூட்டி, தெரிந்த ஒரு வளைவில் வழக்கமான வேகத்தில் போய்ப் பாருங்கள். சாய்வு குறையாது, ஆனால் முன்பக்கம் ஓடுவது சற்றுக் குறைந்தது போலத் தோன்றும். பின்பக்க பார் தரும் சமநிலை மாற்றத்தின் சிறு மாதிரி இது. அது பிடித்திருந்தால் பார் பற்றி யோசிக்கலாம். பின்புறம் பதற்றமாகத் தோன்றினால் பணம் மிச்சம். திரும்பியதும் காற்றைப் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய சொல் ‘இறங்கும்போது’. ஏறும்போது நீங்கள் குறை சொல்லவில்லை. பொன்னேரி அடிவாரத்திலிருந்து மேலே போகும் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வேகம் தானாகவே குறையும். இறங்கும்போது வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முன் டயர் ஒரே நேரத்தில் நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இரண்டுக்கும் பிடிமானம் போதாததால் வெளியே ஓடுகிறது. இரண்டாவது கியரில், வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, காலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதோடு, இறக்கத்தில் பின்புறம் ஏற்கெனவே லேசாகிவிடுகிறது. இறுக்கமான பின் பார் போட்ட வண்டியில் பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் அந்த லேசான பின்புறம்தான் முதலில் வழுக்கும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பாதையைப் போல இலையும் ஈரமும் கிடக்கும் காட்டு வளைவுகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. போல்ட்டில் நிற்கும் ஒரு பார்தானே என்று விட்டுவிடாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைக் கோப்பில் வையுங்கள். விபத்துக்குப் பிறகு ஆய்வாளர் கீழே குனிந்து பார்க்கும்போது விளக்கம் சொல்வதைவிட அது எளிது.

கடைசியாக அம்மாவின் குமட்டல். பார் அதைக் குறைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சாய்வு குறையும், உண்மைதான். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது உடம்பு பக்கவாட்டில் வெடுக்கென்று ஆடும். பின் இருக்கையில் இருப்பவருக்குத்தான் அது அதிகம் தெரியும். அடுத்த முறை அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, வளைவுகளை மெதுவாக எடுங்கள். முன் லிங்குகளையும் மாற்றிவிட்டு அப்படி ஒரு தடவை போய்வந்த பிறகும் பார் வேண்டும் என்று தோன்றினால், பீமின் அடிப்பக்கப் படத்தை எனக்கு அனுப்புங்கள். துளைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.